டீம் லீட் ஆன பாப்பாவுக்கு அப்பா எழுதுற எறும்பு லெட்டர்

பாப்பா,

போன்ல நீ சொன்னது மனசுக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. டீம்ல எட்டு பேரு, அதுல மூணு பேருதான் வேலை பாக்குறாங்க, மத்தவங்க சும்மா உக்காந்திருக்காங்க, புதுசா சேந்த பையனுக்கு சொல்லிக்குடுக்குற நேரத்துல நானே முடிச்சிடலாம்னு ராத்திரி வரைக்கும் நீயே இழுத்துப் போட்டு பண்றேன்னு சொன்னல்ல, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. போன்ல அட்வைஸ் பண்ணா உனக்கு புடிக்காது, அதான் எழுதுறேன், நேரம் கெடைக்கும்போது நிதானமா படி.

எறும்பு பத்தி எது கெடைச்சாலும் அப்பா விடாம படிப்பேன்னு உனக்கே தெரியும். எறும்புன்னாலே சுறுசுறுப்புன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா புத்துக்குள்ள கேமரா வெச்சு பாத்தவங்க சொல்றது வேற. அமெரிக்காவுல அரிசோனா யுனிவர்சிட்டியில டெம்னோதோராக்ஸ்னு ஒரு குட்டி எறும்பு வகையை, ஒவ்வொரு எறும்பு மேலயும் கலர் புள்ளி வெச்சு யார் யார் என்ன பண்றாங்கன்னு கவனிச்சாங்க. கிட்டத்தட்ட 40 சதவீதம் எறும்புங்க பெரும்பாலான நேரம் ஒண்ணுமே பண்ணல! அப்புறம் நல்லா வேலை செய்யுற 20 சதவீதத்தை மட்டும் எடுத்துட்டு பாத்தா, ஒரு வாரத்துக்குள்ள அதுவரைக்கும் சும்மா இருந்த எறும்புங்க எழுந்து வந்து அந்த வேலையை எடுத்துக்கிச்சு. 2017ல வந்த ஆராய்ச்சி இது. சும்மா இருந்ததுங்க கூட்டத்தோட கையிருப்பு மாதிரி போலன்னு அவங்க நெனைக்கிறாங்க. இதை சொல்லி சோம்பேறித்தனத்துக்கு நான் வக்காலத்து வாங்கல பாப்பா, ஆனா உன் டீம்ல சும்மா இருக்குறவங்களுக்கு எடம் காலியா இருக்குன்னு தெரியவே இல்லையோன்னு தோணுது, ஏன்னா எல்லா எடத்தையும் நீயே நெறைச்சிட்ட.

இதே மாதிரி இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கு. 2018ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்னு ஒரு யுனிவர்சிட்டில நெருப்பெறும்பு சுரங்கம் தோண்டுறத பாத்தாங்க, சுமார் 30 சதவீதம் எறும்புங்கதான் 70 சதவீத வேலையை பண்ணுச்சு. சுரங்கம் ரொம்ப ஒடுக்கம், எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள போனா ஜாம் ஆகி யாருமே மண்ணு அள்ள முடியாது, அதனால உள்ள போற எறும்பு எதிர்ல கூட்டத்த பாத்தா சண்டை போடாம, முட்டி மோதாம வெறுங்கையோட திரும்பி வந்துடும். ரோபோவ வெச்சும் செஞ்சு பாத்தாங்க, அங்கயும் எல்லாம் ஒரே வேகத்துல உள்ள நுழைஞ்சப்போ வேலை தேங்கிதான் போச்சு. ஒரே ஃபைல்ல எட்டு பேரும் கை வெக்கணும்னு நீ எதிர்பாக்காத, வழி விட்டு நிக்கறதும் வேலைதான்.

சரி, இதையெல்லாம் யாரு மேனேஜ் பண்றா? யாரும் இல்ல. ராணி எறும்புன்னு பேருதான் ராணி, அது முட்டை போடும், யாருக்கும் ஆர்டர் போடாது. ஸ்டான்ஃபோர்ட்ல டெபோரா கார்டன்னு ஒரு அம்மா பாலைவனத்து அறுவடை எறும்பை பல வருஷமா பாத்துட்டு இருக்காங்க. வாசல் பக்கத்துல எறும்புங்க காத்துட்டு நிக்கும், வெளிய போனது விதையோட திரும்பி வந்து மீசையால, அதான் தலையில நீட்டிட்டு இருக்குற உணர்கொம்பால, இதுங்களை தொடும், அப்படி வர்ற எறும்பு அடிக்கடி வந்தா, ஓ வெளிய விதை நெறைய இருக்குன்னு இன்னும் நாலு கெளம்பும், வரவு கொறைஞ்சா உள்ளயே இருந்துடும், ஏன்னா அந்த வெயில்ல சும்மா சுத்துனா ஒடம்புல இருக்குற தண்ணி வீணா போகும். அவ்ளோதான் பேச்சு, ஒரு தொடுதல். உங்க ஒரு மணி நேர மீட்டிங்ல இந்த அளவுக்கு உருப்படியான தகவல் கை மாறுதா பாப்பா? வேலை முடிச்சவங்க முடிஞ்சுதுன்னு ஒடனே சொல்ற பழக்கம் இருந்தாலே பாதி மீட்டிங் வேண்டாம்னு எனக்கு படுது.

எனக்கு ரொம்ப புடிச்சது, பெரிய தீனிய எறும்புங்க சேந்து தூக்கிட்டு போறது. இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல 2015ல பாத்தாங்க. தூக்குற எறும்புங்களுக்கு பலம் இருக்கு, ஆனா கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டதால வழி சரியா தெரியாது. அப்போ வெளியில இருந்து கூட்டுக்கு வழி தெரிஞ்ச ஒரே ஒரு எறும்பு வந்து ஒட்டிக்கிட்டு அந்த பக்கமா இழுக்கும், மத்ததெல்லாம் மறுபேச்சு இல்லாம அதோட இழுப்புக்கு கூட வரும். ஒரு 10, 20 செகண்டு, அதுக்குள்ள அதுக்கும் வழி மறந்துடும், அதுவும் சுமக்குறவங்கள்ல ஒண்ணா ஆயிடும், அடுத்த ஆளு வந்து வழிகாட்டும். இவ்ளோ நேரம் தூக்கிட்டு வந்த நான் பெரியவனா நேத்து வந்த நீ பெரியவனாங்கிற கேள்வியே அங்க இல்ல. புதுசா வந்தவன் கண்ணுக்கு தெரியுறது பழைய ஆளுங்களுக்கு தெரியாம போகலாம், அவன் இழுக்கும்போது கொஞ்சம் விட்டுக்குடுத்து பாரேன்.

அந்த பையன் விஷயத்துக்கு வர்றேன், அதுக்குத்தான் இந்த லெட்டரே. எறும்பு இன்னொரு எறும்புக்கு சொல்லிக்குடுக்கும்னு 2006ல பிரிஸ்டல் யுனிவர்சிட்டிக்காரங்க எழுதினாங்க. தீனி இருக்குற எடம் தெரிஞ்ச எறும்பு, தெரியாத ஒண்ண பின்னால கூட்டிட்டு போகும். பின்னால வர்றது மீசையால முன்னால போறதோட பின்னங்கால்லயும் வயித்துலயும் தட்டிக்கிட்டே வரும். நடுவுல அது நின்னு, சுத்தி வந்து, அடையாளம் பாத்து வழிய மனசுல ஏத்திக்கும், அதுவரைக்கும் முன்னால போற எறும்பு அப்படியே நிக்கும், திரும்ப வந்து தட்டினாதான் அடுத்த அடி வெக்கும். தனியா போயிருந்தா அது கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா போயிருக்கும், தெரிஞ்சும் நிக்குது. அப்படி கத்துக்கிட்ட எறும்பு அடுத்த தடவை இன்னொண்ண கூட்டிட்டு போகுது. நீ அவனுக்கு ஒரு லிங்க் அனுப்பிட்டு படிச்சிக்கோன்னு விட்டுட்டேன்னு சொன்ன, அவன் உன்ன தட்டுறதுக்கே வழி இல்லாம நிக்கிறானோ என்னவோ.

எறும்பு பண்றத எல்லாம் மனுஷன் அப்படியே பண்ண முடியாதுங்கறதும் உண்மை. அதே வைஸ்மன் ஆளுங்க 2024 கடைசில ஒண்ணு வெளியிட்டாங்க, ஒடுக்கமான இடுக்கு வழியா ஒரு பெரிய சாமானை கொண்டு போற புதிர், எறும்புக்கு குட்டி சைஸ், மனுஷனுக்கு பெரிய சைஸ். எறும்பு கூட்டம் பெருசாக பெருசாக நல்லா பண்ணுச்சு. மனுஷங்கள்ல பேசக்கூடாதுன்னு சொல்லி கூட்டமா விட்டப்போ, தனி ஆளா பண்ணதை விட மோசமா பண்ணாங்க. நமக்கு மீசை இல்ல, வாய் இருக்கு, அத மூடிட்டா கூட்டமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. யாரையும் எதிர்பாக்காம நானே பண்ணிக்கிறேன்னு உள்ளுக்குள்ள வெச்சுக்கிற உன் குணம் எனக்கு தெரியும், நல்ல குணம்தான், ஆனா எட்டு பேருக்கு அது ஒத்து வராது.

நாளைக்கு அந்த பையன பக்கத்துல உக்கார வெச்சு, நீ ஒரு மணி நேரத்துல முடிக்கிற வேலையை அவன் கையால பண்ண விடு, அரை நாள் ஆனாலும் பரவால்ல. கீபோர்ட புடுங்காத. சும்மா இருக்காங்கன்னு சொன்னியே, அவங்கள்ல ஒருத்தர்கிட்ட போய் உன் ராத்திரி வேலையில ஒண்ண மட்டும் குடுத்து, முடிஞ்சதும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேளு. என்ன ஆச்சுன்னு ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லு, அம்மாவும் நீ எப்போ கூப்புடுவேன்னு கேட்டுட்டே இருக்கா.

அன்புடன்
அப்பா