கர்ணனுக்குப் பத்துக்கு இரண்டு: பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் அலுவலகப் பயிற்சித் துறையினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை தலைமைப் பண்பு வகுப்பில் நீங்கள் கொடுத்த, புராண நாயகர்களுக்கு மார்க் போடும் படிவத்தைத் தயவுசெய்து வாபஸ் வாங்குங்கள்.

கவசகுண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்ததால் 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' பிரிவில் கர்ணனுக்குப் பத்துக்கு இரண்டு. ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று அரிச்சந்திரனுக்கு ஃபெயில். சகுனியை ஏன் விட்டுவிட்டீர்களோ தெரியவில்லை. எடுத்த டார்கெட்டை முடித்தவர், நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்.

அதுகூடப் போகட்டும். அந்த வகுப்புக்கு நீங்கள் அழைத்த, கர்ண வேஷம் கட்டிய கூத்துக் கலைஞரை அன்று நடத்திய விதம்தான் மனதை விட்டுப் போகவில்லை. அரிதாரம் பூசி, புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டி முடிக்கவே மணிக்கணக்காகும். லிஃப்டில் இடிக்கிறதென்று கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். கட்டின உடுப்போடு நாற்காலியில் உட்கார முடியாமல், மதியச் சாப்பாடு முடியும்வரை சுவரோரம் நின்றார். முகவீணை கிடையாது, ஹார்மோனியம் கிடையாது. செல்போனில் ஏதோ பாட்டு. பாடத் தொடங்கியதும் மணி அடித்து நிறுத்தி, "கர்ணன் சார், உங்கள் தோல்விக்கு மூன்று காரணம் சொல்லுங்கள்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கைகூப்பினார்.

எங்கள் செய்யாறு பக்கத்தில் பாரதக் கூத்து என்றால் கர்ணன் மாளும் கதையான கர்ண மோட்சத்துக்குத்தான் கூட்டம் அதிகம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுமுன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவான். பிறப்பைச் சொல்லி அவனை ஏளனம் செய்தவள் அவள். நாகாஸ்திரத்தை மறுமுறை விடமாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. திரும்பி வரமாட்டோம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் போகிறவனைப் பார்க்கத்தான் ஜனங்கள் விடிய விடியக் கண்விழிக்கிறார்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?

வாக்குத் தவறாமை என்றொரு வரிகூட அந்தப் படிவத்தில் இல்லை. தீபாவளிக்குள் வரும் என்ற போனஸ் பொங்கல் தாண்டியும் வராத இடத்தில் அதை எதிர்பார்த்தது என் தப்புதான். சனிக்கிழமை வகுப்புக்கு மாற்று விடுப்பு தருவதாகச் சொன்னதும் அப்படியே கிடக்கிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்பது இவ்வளவுதான்: படிவத்தை வாபஸ் வாங்குங்கள். அந்தக் கலைஞரிடம் நேரில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். மறுபடி அழைப்பதானால் பொன்னுருவி வேஷக்காரரையும் மேளக்காரர்களையும் சேர்த்து, முழுச் சம்பளம் பேசி அழையுங்கள். அன்றைக்கு மணி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஊழியன்