வண்ணத்தாளை முதலில் செய், படத்தைப் பிறகு யோசி

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

உன் பாலர் பள்ளியில் ஒட்டுப்படம் செய்வதற்குக் கடையில் வாங்கிய வண்ணத்தாள்கள் எல்லாம் ஒரே சாயலாக இருப்பதாக எழுதியிருந்தாய். தாளில் வண்ணம் கலந்த பசையைப் பூசி அவற்றை நீயே செய்துகொள்வதுதான் நல்லது.

ஒரு பங்கு சோளமாவைச் சிறிது பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஆறேழு பங்கு தண்ணீர் வருமாறு சேர்த்து, இளந்தீயில் கைவிடாமல் கிண்டி, வெண்மை மங்கிக் கெட்டியானதும் இறக்கி ஆறவிட்டு, அதன்பிறகே போஸ்டர் வண்ணத்தைக் கலக்க வேண்டும். மரவள்ளி மாவு நம் ஊரில் மலிவுதான். ஆனால் அந்தப் பசை இழுபடுவதால் கோடுகள் தெளிவாக விழா. ஈரத் துணியால் துடைத்த தாளில் பசையைப் பரப்பி, பழைய சீப்பையோ முள்கரண்டியையோ இழுத்தால், பசை விலகிய இடத்தில் வெளிறிய கோடும் ஒதுங்கிய இடத்தில் அடர்ந்த கோடுமாக நிற்கும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காயைப் பதித்தால் விண்மீன் வடிவம் கிடைக்கும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் புத்தகம் கட்டுவோர் அட்டைக்கும் உள்தாளுக்கும் இத்தகைய பசைத்தாளையே பயன்படுத்தினார்கள்.

மெல்லிய பெரிய வெள்ளைத் தாளான மாஜோங் தாள் இதற்கு ஆகாது, நனைந்ததும் கிழியும். சதுர மீட்டருக்கு 120 கிராமுக்குக் குறையாத வரைதாள் வாங்கு. மழைக்காலத்தில் நனைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆதலால் தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளைக் காயப்போட்டதுபோல் கொடியில் இடைவெளி விட்டுத் தொங்கவிடு. நன்றாகக் காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்தால் சுருள் நிமிரும். போஸ்டர் வண்ணம் காய்ந்தபின்னும், ஒட்டும்போது ஈரப் பசை பட்டால் கரையும். பசையை அள்ளிப் பூசும் சின்னப் பிள்ளைகளுக்கான தாள்களில், காய்ந்தபின் கரையாத அக்ரிலிக் வண்ணத்தையே கலந்துகொள். பளிச்சிடும் ஃபுளோரசன்ட் வண்ணங்கள் வெயிலில் சீக்கிரம் வெளிறும் என்பதால் சன்னலோரப் பலகைக்கு அவற்றைத் தவிர்.

இது இலைக்கு, இது வானத்துக்கு என்று முன்கூட்டியே முடிவுசெய்து தீட்டாதே. அப்படிச் செய்த தாள் வேறெதற்கும் உதவாது. 1941இல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய இயலாமற்போன ஓவியர் மத்தீஸ், உதவியாளர்கள் குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணம் பூசிவைத்த தாள்களைக் கத்தரித்தே பெரும் படங்களை அமைத்தார். பிள்ளைகளும் தாளைப் பார்த்தபின் எதை வெட்டுவதென்று முடிவுசெய்யட்டும். ஓலைக்கூரை என்று நீ நினைப்பதை அவர்கள் மீன் என்பார்கள்.

நான் செய்து வைத்திருக்கும் தாள்களை மடிக்காமல் சுருட்டி அஞ்சலில் அனுப்புகிறேன். வந்ததும் பிரித்து நிமிர்த்திவை.

அன்புடன்,
அம்மா