பலபேர் தூக்கி நிறுத்திய கால்

திருப்பரங்குன்றம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அக்காவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாமா, படுக்கையில் கிடந்து நொந்துபோவார்களோ என்று கேட்டிருந்தாய். செய்யலாமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தொடை எலும்பு முறிந்து படுத்துக் கிடந்தவனுக்குத் தெரிகிற விஷயம் கொஞ்சம் இருக்கிறது, அதை நான் சொல்கிறேன்.

நான் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டு மாடிப்படியின் செங்குத்து உனக்குத்தான் தெரியுமே. இங்கே தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் மலை. தெற்கு மாசி வீதிக் கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் கணக்கோடு வந்துவிடுவான்.

தொடை எலும்புதான் உடம்பிலேயே நீளமானதாம். அதன் நடுக்குழலுக்குள் ஒரு கம்பியை இறக்கி, மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மன் சர்ஜன் 1940-இல் மருத்துவ உலகின் முன் வைத்த முறை இது. அதற்கு முன்பெல்லாம் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டுமாம். என்னை ஆபரேஷனுக்கு மறுநாளே கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். பார்த்தே இராத அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ரத்தம். தொடை எலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடலாம். எனக்கும் ஏற்றினார்கள். தலைக்கு மேலே தொங்கிய பையில் குரூப், ஒரு நம்பர், தேதி இவ்வளவுதான் இருந்தது. எந்தத் தெரு, என்ன சாதி, எந்தச் சாமி என்று எதுவும் இல்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் கையை நீட்டியிருக்கிறார். நான் யாரென்று அவருக்கும் தெரியாது. அவர் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. நன்றி சொல்லலாம் என்றால் ஆள் தெரியவில்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு வருடம் வரை ரத்தம் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். நீ நன்றாகத்தானே இருக்கிறாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எனக்காக ஒரு தடவை போய்க் கொடுத்துவிட்டு வாயேன்.

நீயும் நானும் சின்ன வயதிலிருந்தே ஓடியாடிச் செய்து பழகியவர்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதென்றாலும் சாவு வீட்டில் பாடை கட்டுவதென்றாலும் முதல் ஆளாய் நிற்போம். அடுத்தவர் நமக்குச் செய்ய, சும்மா கிடப்பது எனக்குப் பழகாத ஒன்று. வார்டில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வேலை பார்த்தார். முதல் தடவை பெட்பேன் வைத்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். துடைத்து, வேட்டியைச் சரிசெய்துவிட்டு, “நடக்க ஆரம்பிச்சதும் ஒருதரம் வந்து நடந்து காமிங்கண்ணே, அது போதும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கூச்சம் பாதி போய்விட்டது. போன வாரம் கம்பு ஊன்றிப் போய் நடந்து காட்டிவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே மாப்ளே!

நடுவில் ஒரு மோசமான காலமும் இருந்தது. சில மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சேரவே இல்லை. இடைவெளி அப்படியே கருப்பாகத் தெரிந்தது. ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றிவிடலாம் என்றார் டாக்டர். உடம்பு எடை முறிவில் அழுந்த வேண்டும், அழுந்தினால்தான் எலும்பு வளரும் என்றார். மறுபடியும் தியேட்டர், மறுபடியும் தையல். அன்று ராத்திரி நான் அழுதேன். அக்கா எதுவும் பேசாமல் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் எழுந்து ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பிரண்டைத் துவையல் அரைத்து அரைத்தே அவள் கை அரிப்பெடுத்துப் போயிருந்தது.

பிசியோ தம்பி தினமும் வருவார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி அப்படியே பிடிக்கச் சொல்வார். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், எனக்கு வியர்த்துக் கொட்டும். அடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி மூங்கில் கணு மாதிரி வெள்ளையாக ஒரு புடைப்பு. கேலஸ் என்றார்கள். புது எலும்பு!

எல்லாம் நன்மைக்கே என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கால் உடைந்ததில் ஒரு நன்மையும் இல்லை. வலி வலிதான். வலிக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். என் நன்றியெல்லாம் மனிதர்களுக்குத்தான். பங்குனியில் முருகன் கல்யாணத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து வந்தார்களே, அன்று வாக்கரோடு தெருமுனை வரை போனேன். நெரிசலில் திணறி நிற்பதைப் பார்த்த ஒரு பூக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொன்னார். வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வாங்கி உட்கார்ந்தேன். அம்மையப்பனை நிம்மதியாகப் பார்த்தேன். முன்பென்றால் விழுந்தாலும் பரவாயில்லை என்று நின்றிருப்பேன். இப்போது வாங்கிக்கொள்ளத் தெரிகிறது. அதனால் நான் சிறுத்துவிடவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்பே பிசியோவைக் கேட்டுத் தொடைப் பயிற்சியை ஆரம்பித்துவிடு. வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் ஒரு பிடிகம்பியும் அவசியம். தரையில் மிதியடி, சின்னப் பாய் எதுவும் கிடக்க வேண்டாம். கட்டில் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். முக்கியமாக, குளிக்க வைக்கவும் கக்கூஸுக்குக் கூட்டிப்போகவும் யார் வேண்டும் என்று அம்மாவிடமே கேள். நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

தேதி முடிவானதும் ஃபோன் பண்ணு. என் வாக்கர் இப்போது சும்மாதான் இருக்கிறது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்கிறேன், அங்கே எங்கே இறக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாப்ளே