பேரனின் தொண்டையும் அண்ணனின் பல்லும்

பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வருகிறீர்கள் என்றதும் வீட்டில் இப்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

பேரனுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, பிறகு எதற்குப் பத்து நாள் மருந்து என்று கேட்டிருந்தாய். தொண்டை வலியில் பெரும்பாலானது வைரஸ். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் ஆன்டிபயாட்டிக் வீண். இருமலே இல்லாமல் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வீங்கிய டான்சில் மேல் வெள்ளைத் திட்டு, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலி, இவை சேர்ந்தால்தான் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா மீது சந்தேகம் வரும். 5 முதல் 15 வயதுக்குள் இது அதிகம். பஞ்சுக் குச்சிச் சோதனை செய்தார்கள் என்று எழுதியிருந்தாய், நல்லது. குச்சி இரண்டு டான்சிலையும் பின்சுவரையும் தேய்த்து வரவேண்டும். பிள்ளை திமிறி, நாக்கை மட்டும் தொட்டு வந்தால் இருக்கிற கிருமியும் இல்லை என்று வரும்.

இந்தக் காய்ச்சல் மருந்தே கொடுக்காவிட்டாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக இறங்கும். அதனால் காய்ச்சல் விட்டதைக் கிருமி போனதற்கு அடையாளமாக எடுக்காதே. பத்து நாள் கொடுப்பது கிருமியைத் தொண்டையிலிருந்து துடைத்தெடுக்க. விட்டுவைத்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகி, மூட்டையும் இதய வால்வையும் பிடிக்கலாம். இதற்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான அமாக்சிசிலின் அளவு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்கு. அடியில் தங்கினால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கெட்டி மருந்தும்தான் போகும். சமையல் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அள. முதல் வேளை கொடுத்து 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்பலாம். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கட்டும். வலி குறையும், கிருமி சாகாது.

ஆக, பேரன் சரியான வழியில்தான் இருக்கிறான். கடைசியில் ஒரே வரியில் எழுதினாயே, அண்ணனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வீங்கியிருக்கிறது, மீதி இருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார் என்று. எனக்கு உறுத்துவது அதுதான். பல்லுக்குள் செத்துப்போன நரம்புக்கும் கட்டியிலிருக்கும் சீழுக்கும் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? சீழை வடிக்கவேண்டும், வேர் சிகிச்சை செய்யவேண்டும், அல்லது பல்லைப் பிடுங்கவேண்டும். மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் அமுக்கும், நாம் ஏமாந்துபோவோம். லவங்கமும் அப்படித்தான், மரத்துப்போக வைக்கும், அவ்வளவே.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர், நாக்கைத் தாங்கும் தசைக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே உடைந்த சீழ் நேராகத் தாடைக்கு அடியில் பரவும். லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்தது. மூச்சுக்குழாயை அடைத்தே ஆளைக் கொல்லும். அண்ணனுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வேறு, பரவுவது சுலபம். வெளியே ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

வாயில் இரண்டு விரல் நுழையாத அளவுக்குத் தாடை இறுகினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, தாடைக்கு அடியில் கட்டை மாதிரி இருந்தாலோ, பல் கிளினிக்குக்குப் போகவே வேண்டாம். அவசர எண் 999-ஐ அழை. படுக்க வைக்காதே, உட்கார்ந்தே இருக்கட்டும்.

இப்போதைக்கு அதெல்லாம் இல்லையென்றால் இந்த வாரமே பல் டாக்டரிடம் கூட்டிப்போ. இனிப்புநீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துப் போ. பல் பிடுங்குவார்களே என்று அவராக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

அன்புடன்,
ராஜேஸ்வரி