கடலுக்கடியில் ஒரு கேபிள்

சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மா முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார் என்றதும்தான் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். பெரியவளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மதுரையிலிருந்து உங்கள் இலங்கையின் அனுராதபுரத்துக்குக் கடலுக்கடியில் மின் இணைப்பு வந்தால் ஸ்விட்ச் இந்தியாவின் கையில் இருக்காதா என்று கேட்டிருந்தாய். நியாயமான பயம்தான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நீ போனில் பேசிய இரவை நான் மறக்கவில்லை. அன்று இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு. அம்மாவுக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே பேசினாய், அந்தச் சரசரப்பு இங்கே கேட்டது. என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மின்வாரியத்தில் காலம் தள்ளிய எனக்கு அது தாங்கவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தானே!

2025 பிப்ரவரியில் பாணந்துறை சப்-ஸ்டேஷனில் ஒரு குரங்கு மாட்டியதற்கே தீவு முழுதும் இருண்டது. கைகொடுக்கப் பக்கத்து நாட்டு கிரிட் (மின்கட்டமைப்பு) இல்லாமல் தனியாக நிற்பதும் ஆபத்துதான்.

அந்த ஆண்டு ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் இடையே கொழும்பில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம் உயர் அழுத்த டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சார, இணைப்புக்கானது. கடலுக்கடியில் நீளமாக ஏசி, அதாவது வீட்டுக்கு வருவதுபோல் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், அனுப்பினால், கேபிளைச் சார்ஜ் செய்வதிலேயே அதன் திறனில் பெரும்பங்கு போய்விடும். டிசியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கிரிட்டும் தத்தம் போக்கில் ஓடலாம், எவ்வளவு அனுப்புவது என்பதையும் நாமே நிர்ணயிக்கலாம். வங்கதேசத்தின் பேராமாராவுக்கு 2013 முதல் இப்படித்தான் கொடுக்கிறோம். 2024 நவம்பரில் நேபாளத்து ஆற்று மின்சாரம் 40 மெகாவாட், நம் கம்பிகள் வழியாக வங்கதேசம் போனது. சின்ன அளவுதான், ஆனாலும் மூன்று அரசுகள் உட்கார்ந்து விலை பேசி முடித்த காரியம் அது.

உன் பயத்துக்கு மருந்தும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வாங்க மட்டுமல்ல, விற்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மன்னார்க் காற்றில் எடுக்கும் மின்சாரத்தை நீங்கள் எங்களுக்கு விற்கும் நாள் வரவேண்டும். விலையும் நிபந்தனையும் இரு நாட்டு மக்களுக்கும் தெரிய வேண்டும். அதில் நான் உன் பக்கம்.

எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு போனதைத் தாத்தா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1964 புயல் தனுஷ்கோடியோடு அந்தப் பாதையையும் கொண்டுபோனது. இப்போது யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறதே, மாசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்புறம், ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு) ஒரு கிலோ மறக்காதே.

உன்,
பழைய அறைத்தோழன்