டோரி பைன்ஸ் கடற்கரைக்குக் குழு கூட்டி வருவோருக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் வார இறுதி நடைக்கு ஆள் சேர்க்கும் தமிழ் ஹைக்கிங் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமையும் பிளாட் ராக் என்ற கடலோரப் பாறை அருகே, கடல் ஏறியதால் ஒரு குழு குழந்தைகளோடு மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். எந்தக் குழு என்பது இங்கே கேள்வியில்லை. கேட்பது ஒன்றுதான்: கடல் ஏறி வற்றும் நேரத்தைக் காட்டும் டைட் சார்ட்டைப் பார்க்காமல் நடைக்கு நேரம் குறிக்காதீர்கள்.

கீழே பார்க்கிங்கிலிருந்து தார்ச்சாலை வழியே மேடேறி, பீச் டிரெயிலில் முக்கால் மைல் இறங்கி, கடலோரமாகவே வடக்கே திரும்புவதுதான் வழக்கமான சுற்று. நல்ல சுற்றுதான். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் ஒருபுறம் கடல், மறுபுறம் செங்குத்துப் பாறை. கடல் ஏறினால் மணல் மறைந்து அலை பாறையடியிலேயே மோதும். குளிர்காலத்தில் அலை மணலையும் வாரிக்கொண்டு போய்விடுவதால், கடக்கக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்கும்.

"போன வாரமும் காலை பத்து மணிக்குத்தானே போனோம்?" என்ற பதில்தான் அச்சம் தருகிறது. கடல் ஏறி வற்றும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன வாரம் 10 மணிக்கு வற்றிக் கிடந்த கரை, இந்த வாரம் அதே 10 மணிக்கு ஏறக்குறைய நிறைந்திருக்கும். வாராவாரம் ஒரே நேரத்துக்கு அழைப்பு போடுவதே ஆபத்து.

மாட்டிக்கொண்டவர்கள் ஒதுங்குவது எங்கே? பாறையடியில். மேற்கு பார்த்த பாறை, முற்பகலில் நிழல் அங்கேதான். முதுகைச் சாய்த்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அந்தப் பாறையின் அடியில் இருப்பது பச்சை கலந்த சேற்றுக்கல். அதற்கு மேல் உதிரும் மணற்கல். அலை அடியை அரிக்கும். மேலே விளிம்புக்கு இணையாக வெடிப்பு விடும். பிறகு மொத்தமாகச் சரியும். அதற்கு மழைகூடப் பெய்ய வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் 2 அன்று, வடக்கே என்சினிடாஸில் மணலில் இருந்த ஒரே குடும்பத்துப் பெண்கள் மூவர் இப்படித்தான் மாண்டார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மேலேயும் நிலைமை வேறில்லை. ரேசர் பாயின்ட் என்ற பாறை முனையில் கயிற்றைத் தாண்டி விளிம்பில் நின்று படம் எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே பாறை குடைந்து கிடப்பது நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மிதிபட்ட தடத்தில் மழைநீர் இறங்கி மண்ணை அறுக்கிறது, டோரி பைன் மரத்தின் வேர் வெளியே வந்துவிடுகிறது. உலகில் இந்த மரம் தானாக வளர்வது இங்கும் சான்டா ரோசா தீவிலும் மட்டுமே. பாதைகளில் தண்ணீர் தவிர வேறெதுவும் உண்ணக்கூடாது என்ற விதியையும் யாரும் மதிப்பதில்லை. சொல்லச் சொல்லக் கோபம்தான் வருகிறது. கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

அழைப்பிலேயே அன்றைய கடல் வற்றும் நேரத்தை எழுதுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி ஆளும் மணலில் இறங்கியிருக்கட்டும். பாறையை விட்டு விலகி நடக்கச் சொல்லுங்கள். வற்றும் நேரம் விடியலுக்கு முன்போ இருட்டிய பிறகோ அமைந்தால் கடற்கரையை விட்டுவிடுங்கள். மேலே கய் ஃபிளெமிங் பாதை மூன்றில் இரண்டு மைல் சுற்று. சின்னப் பிள்ளைகளும் நடப்பார்கள், கடலும் நன்றாகத் தெரியும்.

வரும் சனிக்கிழமை அழைப்பிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அதே பாதைகளில் நடக்கும் ஒருவர்