கேள்வியே இல்லாமல் எதற்கு ஒரு ப்ராஜெக்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது, சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் இறுதியாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ப்ராஜெக்டோடு வந்துவிடுவார்கள். டைப் அடிக்கிறவன் எல்லாப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும் என்பதால் சொல்கிறேன், பொருளின் பெயரை மட்டும் மாற்றினால் பாதி ப்ராஜெக்ட் ஒரே ப்ராஜெக்ட்தான். 'காரைக்குடி நகரில் இருசக்கர வாகன வாடிக்கையாளர் திருப்தி - ஓர் ஆய்வு.' போன வருடம் அதே இடத்தில் பற்பசை இருந்தது. நூறு பேரிடம் கேட்டதாக அட்டவணை, அதற்குக் கீழே சதவீதம், 'கை ஸ்கொயர்' என்கிற புள்ளியியல் சோதனை ஒன்று, கடைசியில் 'விலையைக் குறைக்கலாம், விளம்பரத்தைக் கூட்டலாம்' என்று பரிந்துரை. அந்த நூறு பேரில் பாதிப் பேர் ஹாஸ்டல் நண்பர்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. வழிகாட்டும் ஆசிரியரான கைடு யார் என்பதே ஜனவரியில்தான் தெரிகிறது, தலைப்பை இந்த வாரத்துக்குள் கொடு என்கிறார்கள், மார்ச்சில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. இடையில் பொங்கல் லீவு, இன்டர்னல் தேர்வு. இதில் யார் என்ன யோசிக்க முடியும்? கடைசியில் மார்க் போடுவதற்கு இருக்கிற அக்கறை, ஆரம்பத்தில் 'நீ எதைக் கண்டுபிடிக்கப் போகிறாய்' என்று கேட்பதற்கு இல்லை. என்னுடைய கோரிக்கை இதுதான்: இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டே பக்கத்தில் ஓர் ஆய்வு முன்மொழிவு வாங்குங்கள், அதைக் கைடு உட்கார்ந்து படிக்கட்டும், சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கட்டும்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கேட்பார்கள். செட்டிநாட்டு வீடு வெயிலில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். ஓர் இயற்பியல் மாணவி அதை அளக்க ஆசைப்பட்டால் முற்றத்திலும் பட்டாலையிலும் பக்கத்து கான்கிரீட் வீட்டிலும் தெர்மாமீட்டர் வைத்து மணிக்கொரு தரம் குறித்தால் போதும், ஆனால் அதற்குச் சித்திரை வெயில் வேண்டுமே, ப்ராஜெக்டோ பங்குனியில் முடிந்துவிடுகிறது. ஊரணியில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் நடக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி எழுதுவதென்றால் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் என்றைக்கு ஊருக்கு வருவார்கள் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். இதெல்லாம் ஜனவரியில் தொடங்குகிற வேலையா?

முன்மொழிவில் முதலில் இருக்க வேண்டியது கேள்வி. தலைப்பு அப்புறம் தானாக வரும். ஒரு பையன் 'புதுவயல் அரிசி ஆலைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை' என்று எழுதிக்கொண்டு வந்தான். இளங்கலை மாணவனுக்கு அது தாங்காது, மூன்று வருடம் பிஎச்.டி. செய்கிறவருக்கே கஷ்டம். அதையே 'மழை பெய்கிற நாளில், களத்தில் நெல் காயப்போடும் பெண்களுக்குக் கூலி உண்டா இல்லையா?' என்று சுருக்கினால் அவனால் பதில் கண்டுபிடிக்க முடியும். களம் உள்ள நாலு ஆலை, நெல்லை உலர்த்தும் டிரையர் இயந்திரம் போட்ட நாலு ஆலை, இருபது இருபத்தைந்து பெண்கள். அவர்களிடம் 'திருப்தியாக உள்ளீர்களா, மிகவும் திருப்தியா' என்று டிக் அடிக்கச் சொல்லாமல், போன வாரம் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் சம்பளம் என்று கேட்க வேண்டும். அதுவும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு தம்பி என்றுதான் பதில் வரும். எங்கே, எந்த நேரத்தில், யார் அனுமதியோடு கேட்கப்போகிறோம், பெயரை எழுதுவோமா மாட்டோமா என்பதை முன்மொழிவிலேயே எழுத வைத்தால் இதையெல்லாம் யோசித்துத்தானே ஆக வேண்டும். முழுசாக இறங்குவதற்கு முன் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்துக் கேள்விகளைத் திருத்திக்கொள்வதும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடுவது. சோத்கங்கா தளத்தில் நாட்டின் பல பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன, வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அறிவியல் பிள்ளைகளுக்கும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக்குகிறார்கள். ஒரு நாள் கூடுதலாக ஊறினால் உறுதி கூடுமா, எந்த ஊர்த் தண்ணீரில் நிறம் மங்குகிறது என்பதெல்லாம் நல்ல வேதியியல் கேள்விகள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இதே ஊரில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைகள் இணையத்தில் எடுத்த அட்டவணையைக் கடையில் கொடுத்து ஊர்ப் பெயரை மாற்றச் சொல்வதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

செலவும் எழுத வேண்டும். பஸ் கட்டணம், ஜெராக்ஸ், ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவுதான் வரும், துறையில் இருந்து அதைக் கொடுக்க ஏதாவது வழி செய்யலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பொன்னெழுத்தில் ஹார்டு பைண்டிங் போட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டால் அந்தக் காசே போதும். எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

கைடுகளின் சிரமமும் தெரியும், ஒருவரிடம் இருபது முப்பது பேர். இரண்டு பக்கம் என்று நான் சொல்வதே அதனால்தான். வரும் கல்வியாண்டில் எந்தத் துறை இதைத் தொடங்கினாலும், அந்தப் பிள்ளைகளின் முன்மொழிவை என் கடையில் இலவசமாக டைப் செய்து தருகிறேன், கைடு திருத்தச் சொன்னால் திருத்தியும் தருகிறேன்.

- ஒரு வாசகர், காரைக்குடி